கேட்ட பாட்டும் கொடுத்த பாட்டும்



நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை வழியாகக் கிழக்கு நோக்கிச் செல்லும் பாதையில் உடப்புசல்லாவை இருக்கிறது. தேயிலை வியாபாரிகள் இப்பெயரைத் தனியொரு தேயிலைப் பிரதேசத்தின் பெயராகவே அறிவர். மலைநாட்டின் மேற்குச் சரிவுகள் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் இங்கே காய்ந்த காற்று வீசும். அந்தக் காற்றில்தான் கொழுந்துக்கு மணம் ஏறும். கார்த்திகை, மார்கழி வந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். மழையோடு மழையாக மூடுபனி லயத்து வாசல்வரை வந்து நின்றுகொள்ளும். எதிர் மேட்டு லயத்தில் எரியும் விளக்குகூடக் கண்ணுக்குப் புலப்படாது. அத்தகைய மாலைப் பொழுதுகளில் வீட்டையும் வீட்டையும் இணைத்தது ஒலி ஒன்றுதான். தப்புச் சத்தமும் கோயில் மணியும் ஆதியிலேயே இருந்தவை. வானொலிப் பெட்டி பின்னால் வந்து சேர்ந்தது.

பெட்டி முதலில் தோட்டத்துக்கு ஒன்றிரண்டாகத்தான் வந்தது. கங்காணி வீட்டிலோ கணக்கப்பிள்ளை வீட்டிலோ அது அமர்ந்திருக்கும். ஜன்னலைத் திறந்து வைக்கும் தாராள மனம் அவ்வீட்டாருக்கு இருந்துவிட்டால், வாசலில் கம்பளி போர்த்திய கூட்டமொன்று கூடிவிடும். அக்கூட்டம் விரும்பிக் கேட்டது பெரும்பாலும் பாட்டுக்களையே. அவற்றை யார் தேர்ந்தார், எந்த முறையில் அடுக்கினார், இந்தப் பாட்டுக்குப் பின்னால் அந்தப் பாட்டு வரக் காரணம் யாது என்றெல்லாம் எவரும் ஆராய்ந்திருக்கமாட்டார். ஆராயத் தோன்றாமல் ரசிக்கச் செய்வதே தேர்ந்தவருடைய சாமர்த்தியம். இன்றைய பேச்சு அந்தத் தேர்வைப் பற்றியது. ஒருவர் தாம் தேடிக் கண்டெடுத்த பாட்டுக்களை ஒரு பொருளின் கீழ்த் தொகுத்து, குறித்த நாளில் தவறாமல் பிறருக்கு அளிக்கும் பழக்கம் எங்ஙனம் வளர்ந்தது, அதில் மலைநாட்டு மக்களுக்குக் கிடைத்தது என்ன, கிடையாமற்போனது என்ன என்பவை இதன் விஷயங்கள்.

இலங்கையில் இப்பழக்கத்தின் வேர் நூறாண்டுக்கு மேற்பட்டது. 1923ஆம் ஆண்டில் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர் கிராமபோன் இசையைப் பரீட்சார்த்தமாக ஒலிபரப்பினார். அவருடைய ஒலிபரப்பி, உலகப் போரில் சிறைப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு தந்தி இலாகாவினர் அமைத்தது. கப்பல்களை மூழ்கடிக்கத் துணைநின்ற கருவி, வீட்டுக்கூடத்தில் பாட்டுக் கேட்க உதவியது. 1925 டிசம்பரில் முறையான சேவை ஆரம்பமாயிற்று.

ஆனால் இசைத்தட்டைச் சுழலவிடுவது வேறு; ‘இதை நான் கேட்டேன், எனக்குப் பிடித்தது, நீங்களும் கேளுங்கள்’ என்று ஒருவர் முன்வந்து சொல்வது வேறு. இரண்டாவது காரியத்தை இலண்டன் பி.பி.சி.யில் 1927இல் தொடங்கியவர் கிறிஸ்டோபர் ஸ்டோன். இசைத்தட்டுக்களுக்கென்றே ஒரு பத்திரிகையை மைத்துனரோடு சேர்ந்து நடத்தியவர் அவர். எழுதி வைத்த அறிவிப்பை ஒப்புவிக்கும் வழக்கத்தை விட்டு, சிநேகிதர் வீட்டில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசினார். 1942இல் அதே நிலையத்தில் மற்றொரு நிகழ்ச்சி பிறந்தது. ஆளில்லாத் தீவில் ஒதுங்க நேர்ந்தால் உடன் வைத்துக்கொள்ள எந்த எட்டு இசைத்தட்டுக்களைத் தேர்வீர்கள் என்று பிரமுகர் ஒருவரைக் கேட்பதே அந்நிகழ்ச்சி. எண்பது ஆண்டுகள் கடந்தும் அது நின்றுவிடவில்லை. எட்டு என்ற வரம்பில்தான் அதன் ஜீவன் இருக்கிறது. எட்டாயிரம் எடுத்துக்கொள்ளலாம் என்றிருந்தால் ஒரு மனிதருடைய மனத்தை அது காட்டியிராது.

இலங்கை வானொலிக்கு வாய்ப்பு 1950இல் வந்தது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியப் படைகளுக்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட வலிமை மிக்க ஒலிபரப்பிகள் போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்திருந்தன. அவற்றைக் கொண்டு 1950 செப்டெம்பரில் வர்த்தக சேவை தொடங்கப்பெற்றது. ஏறத்தாழ இரண்டாண்டில் இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சராகிய கேஸ்கர் அவர்கள், திரைப்படப் பாட்டு மக்களின் ருசியைக் கெடுக்கிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாமற் செய்துவிட்டார். சாஸ்திரீய சங்கீதத்தின்மீது அவர் கொண்ட பக்தியைக் குறை கூற இயலாது. எனினும் ஒரு கதவைச் சாத்தினால் ருசி மாறிவிடும் என்று நம்பியதில் அவர் கணக்குத் தவறியது. கோடிக்கணக்கான செவிகள் கொழும்பை நோக்கித் திரும்பின. 1957இல் விவித் பாரதி தொடங்கப்பட்டபோது, கொழும்புக் குரல் இந்திய வீடுகளில் வேரூன்றிவிட்டது.

ஹிந்தியில் அமீன் சயானி நடத்திய ‘பினாக்கா கீத்மாலா’ 1952 டிசம்பரில் ஆரம்பமாயிற்று. பம்பாயில் ஒலிப்பதிவாகி விமானத்தில் கொழும்புக்கு வந்து புதன்கிழமை இரவுகளில் ஒலிபரப்பானது. ஆரம்பத்தில் ஏழு பாட்டுக்கள். அவை வெளிவந்த கால வரிசையைச் சரியாக எழுதியனுப்புவோருக்கு நூறு ரூபாய்ப் பரிசு. நாற்பது ஐம்பது கடிதங்கள் வரும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் வந்தனவாம். பின்னர் அது வாரந்தோறும் பாட்டுக்களுக்கு முதலிடம், இரண்டாமிடம் என்று படிகள் வகுக்கும் நிகழ்ச்சியாக மாறியது. 2024இல் சயானி மறைந்தபோது, முதியோர் பலர் அந்தப் புதன்கிழமைகளையே நினைத்துக்கொண்டனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். படி வகுக்கும் நிகழ்ச்சி, பலருக்கு முன்பே பிடித்துப்போனதை மறுபடி அவர்களிடமே சொல்கிறது. அதில் விறுவிறுப்பு உண்டு, கண்டெடுப்புக் குறைவு. எவரும் அறியாத பாட்டொன்று சபைக்கு வரவேண்டுமானால் தனியொருவருடைய பிடிவாதமான விருப்பம் வேண்டும். தமிழ்ச் சேவையின் பெருமை அந்த விருப்பத்துக்கு இடங்கொடுத்ததில் இருந்தது. எஸ். பி. மயில்வாகனம் அவர்களைப் போன்ற அறிவிப்பாளர்கள் பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே பேசிய சில வார்த்தைகளே நேயர்களைக் கட்டிப்போட்டன. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, கதையோடு பாட்டைக் கோத்த ‘இசையும் கதையும்’, நேயர் விருப்பத்துக்கு ‘நீங்கள் கேட்டவை’ என்று பொழுதுக்கும் நோக்கத்துக்கும் ஏற்ப நிகழ்ச்சிகள் அமைந்தன. கொழும்பின் இசைத்தட்டுக் களஞ்சியமோ வேறெங்கும் எளிதில் கிடையாத பழைய தட்டுக்கள் நிறைந்தது. களஞ்சியம் பெரிதாயிருப்பது மட்டும் போதாது. அதற்குள் புகுந்து தூசி தட்டி எடுக்கும் ஆள் இருக்கவேண்டும்.

பொருள் ஒன்றை வைத்துப் பாட்டுத் தொகுப்பது பார்வைக்கு எளிது. பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிஷத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஓடும். கால் மணி நேரத்துக்கு நான்கு பாட்டு. ‘தாலாட்டு’ என்று பொருள் எடுத்துக்கொண்டால் நாற்பது பாட்டு உடனே நினைவுக்கு வரும். முப்பத்தாறைத் தள்ளுவதுதான் வேலை. நான்கும் புகழ்பெற்றவையாக இருந்தால் கேட்பவர் மகிழ்வார், புதிதாக ஒன்றும் பெறமாட்டார். நான்கும் புதியவையாக இருந்தால் எழுந்து போய்விடுவார். தெரிந்த இரண்டின் நடுவே தெரியாத ஒன்றை வைத்தால், முதற்பாட்டின் இன்பம் தணியுமுன்னே அடுத்தது செவிக்குள் நுழைந்துவிடும். தாயின் தாலாட்டை அடுத்துத் தந்தை பாடும் தாலாட்டு வந்தால், இரண்டையும் நூறு தடவை கேட்டவருக்கும் அன்றைக்குத்தான் அவற்றின் வேறுபாடு விளங்கும். பொருளின் பயன் அதுதான். அறிவிப்பு இரண்டு வாக்கியத்துக்கு மேற்போகாதிருப்பது நலம். பாட்டை விளக்க முற்பட்டவர்கள் பாட்டையும் கெடுத்தார்கள், நேரத்தையும் தின்றார்கள்.

நிகழ்ச்சி குறித்த நாளில் வருவதும் சிறிய விஷயமன்று. நாள் முழுவதும் மலையேறி இறங்கிய உடம்புக்கு, வியாழக்கிழமை ஏழு மணிக்கு ஒன்று காத்திருக்கிறது என்ற எண்ணமே ஒரு தைரியம். தோட்டங்களில் பள்ளி சென்ற பிள்ளைகள் நாற்பது பக்கக் கொப்பியில் பாட்டின் முதலடி, படத்தின் பெயர், பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் என்று கோடு கிழித்து எழுதி வைத்தார்கள். பாடசாலைக் கணக்குக் கொப்பியைவிட அது சுத்தமாயிருந்தது என்றால் ஆசிரியர்கள் வருந்தக்கூடாது.

உடப்புசல்லாவை போன்ற இடங்களில் இதனிலும் ஆழமான விஷயமொன்று நேயர் விருப்ப நிகழ்ச்சியில் அடங்கியிருந்தது. தபாலட்டை ஒன்றில் பாட்டின் பெயரும், கேட்பவர் பெயரும், தோட்டத்தின் பெயரும், டிவிஷன் பெயரும் எழுதப்படும். அட்டை கடைவீதித் தபால் கந்தோரில் சேர்ந்து, மலையிறங்கி, ரயிலேறிக் கொழும்பு சேரும். சில வாரங்கள் சென்றபின், கடல்போன்ற குரலொன்று அந்தப் பெயரையும் அந்தத் தோட்டத்தையும் நாடறியச் சொல்லும். பெயர்ப்பட்டியல் பாட்டைவிட நீளமாயிருக்கிறதே என்று நகரத்து ரசிகர்கள் சலித்துக்கொண்டதுண்டு. அவர்களுக்கு அதன் அருமை தெரிய நியாயமில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இம்மலைகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்து வந்த சட்டங்களால் வாக்குரிமையும் போயிற்று. வாக்காளர் இடாப்பில் அவர்களது பெயர் இல்லை. பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடப்பட்டது வேலைக்காக. செக்ரோலில் எழுதப்பட்டது கூலிக்காக. இவ்விரண்டிலும் சேராமல், மரியாதையோடு, ஊர்ப்பெயர் முன்வர, அவர்தம் பெயர் அரசாங்க ஒலிவாங்கியில் உச்சரிக்கப்பட்டது ஒரு பாட்டுக்காகத்தான். உரிமை அதனால் திரும்பி வந்துவிடவில்லை. ஆயினும், இருக்கிறோம் என்பதற்கு ஒரு சாட்சி காற்றில் போயிற்று.

1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப்பற்றிப் பின்னர் பேசலாம் என்று இரு அரசாங்கங்களும் பங்கிட்டன. அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் பலர் நீலகிரிக்குப் போய், அங்கும் தேயிலைச் செடியின் முன்னேதான் நின்றார்கள். கடிதம் எழுதத் தெரிந்தவர் எழுதினார், தெரியாதவர் பலர். ஆனால் கொழும்புச் சேவை நீலகிரியிலும் கேட்டது, உடப்புசல்லாவையிலும் கேட்டது. ஒரே நிமிஷத்தில் ஒரே பாட்டு இரு மலைகளிலும் ஒலித்தது. பாட்டின் இலக்கிய நயத்தைப்பற்றிப் பண்டிதர்கள் என்ன சொன்னாலும், அந்த மூன்று நிமிஷங்களின் மதிப்பை வேறொரு தராசில்தான் நிறுக்கவேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு குறையொன்றையும் சொல்லித்தான் ஆகவேண்டும். மலைநாட்டார் பாட்டுக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. கேட்டது கொழும்பிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்த பாட்டு. லயத்திலே பிறந்த பாட்டு அந்தக் களஞ்சியத்தில் மிக அருமையாகவே புகுந்தது. கொழுந்து மலையில் நிரை பிடிக்கும்போது எழும் தெம்மாங்கு, பிள்ளையை மடுவத்தில் விட்டுவந்த தாயின் தாலாட்டு, ஆடி மாதக் கும்மி, இழவு வீட்டு ஒப்பாரி, காமன் கூத்தில் விடியுமட்டும் பாடப்பெறுபவை ஆகிய இவையெல்லாம் தட்டாகவில்லை; தட்டாகாததால் விரும்பிக் கேட்கவும் வழியில்லை. இல்லாத பாட்டை எந்தத் தபாலட்டையில் எழுதுவது?

கொடுக்கத் தெரியாதவர்கள் என்று எண்ணுவதும் பிழை. சம்பள நாட்களை அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் கடைவீதிகளில் தெருப் பாடகர்கள் நின்று, தாம் இயற்றிய பாட்டைப் பாடிக்காட்டி, சிறு புத்தகமாகச் சில சதங்களுக்கு விற்றார்கள். அவ்வப்போது நடந்த சம்பவங்களே அவற்றின் பொருள். தொழிற்சங்கத்தின் முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை 1930களிலும் 1940களிலும் தோட்டத்துக் கூட்டங்களில் பாட்டெழுதிப் பாடினார். பேச்சைக் கேட்க வராதவர்கள் பாட்டைக் கேட்க வந்தார்கள். மக்கள் ஏற்கெனவே அறிந்த மெட்டுக்களில் அவர் புதிய செய்தியை ஏற்றியதால், கூட்டம் கலைந்தபின் பாட்டு மலைக்குப் போயிற்று. தெரிந்ததன் நடுவே தெரியாததை வைக்கும் வித்தையை வர்த்தக சேவைக்கு முன்பே அவர் அறிந்திருந்தார்.

மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்து, 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் சென்ற ஸி. வி. வேலுப்பிள்ளை செய்த தொண்டு வேறொரு வகை. அவர் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தேடித் தொகுத்தார். ஆங்கிலத்தில் கவிதை எழுதிப் புகழ்பெற்ற ஒருவர், கொழுந்தெடுக்கும் பெண்ணிடம் ‘இன்னொரு தரம் சொல்லம்மா’ என்று கேட்டுக் குறிப்பெடுத்ததற்குத் தனி மனம் வேண்டும். 1984இல் அவர் காலமான பின்னரே அத்தொகுப்பு நூலுருவம் பெற்றது. அச்சில் சொற்கள் தங்கிவிட்டன. மெட்டு? அதை அச்சு தாங்குவதில்லை.

இன்றைய நிலைக்கு வருவோம். வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் கூடும் காலம் கடந்துவிட்டது. லயத்துக் காம்பரா ஒன்றுக்கு இரண்டு கைத்தொலைபேசிகள் இருக்கின்றன. கேட்க விரும்பும் பாட்டு விரல் நுனியில் வருகிறது. ஒரு பாட்டு முடிந்தவுடன் அடுத்ததை இயந்திரமே தேர்ந்து கொடுக்கிறது. முன்பு கேட்டதைக் கணக்கிட்டு, அதைப் போன்ற இன்னொன்றைக் கொடுக்கிறது. அது பணிவான வேலைக்காரன். ஆனால் இதை உனக்கு ஏன் கொடுத்தேன் என்று சொல்ல அதற்கு வாயில்லை. ஒரே காம்பராவில் இருவர் இரு செவிக்கருவி மாட்டிக்கொண்டு, ஒருவர் கேட்பது மற்றவருக்குத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். பழைய வாசல் கூட்டத்தில் கம்பளி நாற்றமும் கொசுக்கடியும் இருந்தன என்பது உண்மைதான். இருந்தும், ஒருவர் சிரித்த இடத்தில் மற்றவரும் சிரித்தார்.

அதே கருவி கொடுப்பதற்கும் உதவும் என்பதைப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாக அறிவார்கள். தாமே பாட்டுக்களை வரிசைப்படுத்திச் சிநேகிதருக்கு அனுப்புகிறார்கள். இதைப் பாடசாலைகள் கையிலெடுத்துக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை காலைக் கூட்டத்தில் ஒரு கால் மணி நேரம், மாணாக்கர் ஒருவர் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு நான்கு பாட்டுத் தரட்டும். இரண்டு பாட்டுச் சபை அறிந்தவையாக இருக்கலாம். ஒன்று, பாடசாலையில் எவரும் கேட்டிராததாக இருக்கவேண்டும். ஒன்று, வீட்டில் ஒருவர் வாயால் பாடியதாக இருக்கவேண்டும். அதை ஏன் தேர்ந்தேன் என்பதை இரண்டு வாக்கியத்தில் அவரே சொல்லவேண்டும். ஆசிரியர் எழுதிக் கொடுக்கக் கூடாது.

உதாரணமாக, ‘கடல் கடந்த குரல்’ என்று பொருள் வைத்துக்கொள்வோம். சேலத்தில் பிறந்து 1930களில் இலங்கைக்கு வந்த மொஹிதீன் பேக், இஸ்லாமியராயிருந்தும், சிங்கள மக்கள் வெசாக் காலத்தில் உருகிக் கேட்கும் பௌத்த பக்திப் பாட்டுக்களைப் பாடி அழியாப் புகழ் பெற்றார். உடப்புசல்லாவையில் சிங்களப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் ஒரே கடைவீதியில் நடக்கிறார்கள். அந்தக் குரல் சேலத்துக் குரல் என்பது இருவரில் எவருக்குத் தெரியும்? மழையைப் பொருளாக வைத்தால், எட்டயபுரத்தின் வறட்சி கண்டு முத்துஸ்வாமி தீட்சிதர் அமிர்தவர்ஷிணி ராகத்தில் பாடி மழை வருவித்தார் என்று மரபுவழி வரும் கதையோடு அக்கிருதியை வைக்கலாம். இங்கே மார்கழியில் மழையை நிறுத்தும் ராகம் ஏதேனும் உண்டா என்று ஒரு பிள்ளை கேட்கும். கேட்கட்டும்.

நான்காவது பாட்டுத்தான் சிரமம். பாட்டியிடம் போய்ப் பாடச் சொன்னால், ‘எனக்கென்ன தெரியும், போடா’ என்பார். இரண்டு மூன்று நாள் கேட்கவேண்டும். அடுப்படியில் அவர் தனியாக இருக்கும் வேளை பார்த்துக் கேட்கவேண்டும். எழுபது எண்பது வயதானவர்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொரு மார்கழியிலும் ஓரிருவர் குறைகிறார்கள். பதிவு செய்யும்போது மழை தகரத்தில் விழும் சத்தமும் சேர்ந்து வரும். பாட்டின் நடுவே அவர் நிறுத்தி, இந்த அடியை யாரிடம் கேட்டேன் தெரியுமா என்று ஆரம்பிப்பார். அதை வெட்டிவிடக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை, பாட்டை ஒலிக்கவிடுமுன் அந்தப் பிள்ளை ஒலிவாங்கியின் முன் நின்று, பாடியவரின் பெயரையும், தோட்டத்தையும், டிவிஷனையும், எந்த லயம் என்பதையும், பழைய நேயர் விருப்பத்தில் சொன்னதுபோல, நிறுத்திச் சொல்லட்டும்.